சிமுலேஷன் நின்றுபோனால், ஓடியும் விடை பொருந்தாவிட்டால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

காரைக்குடியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பொறியியல் சிமுலேஷன் மென்பொருளோடு மல்லுக்கட்டுபவர்கள் பலவகையினர். இறுதியாண்டுத் திட்டத்துக்காக மின்முலாம் தொட்டியைக் கணினியில் அமைக்கும் மாணவர்கள், புதுவயல் அரிசி ஆலைகளின் காற்றுக்குழாயைத் திருத்தி வடிவமைப்பவர்கள், கானாடுகாத்தான், பள்ளத்தூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளைத் தங்கும் விடுதிகளாக மாற்றுமுன் சுவரின் வெப்பத்தைக் கணக்கிட விரும்புபவர்கள் என்று அவர்களைச் சொல்லலாம். ஒருவர் ஆன்சிஸ் வைத்திருப்பார், இன்னொருவர் காம்சோல், மற்றொருவர் செலவில்லாத ஓப்பன்ஃபோம் அல்லது எல்மர். மென்பொருள் எதுவானாலும் பிழைகள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருக்கின்றன. ஆகவே மென்பொருளை வைத்துப் பிரிக்காமல், திரையில் தெரியும் அறிகுறியை வைத்தே இங்கே பிரித்திருக்கிறேன். ஒவ்வோர் அறிகுறியின் கீழும் செலவில்லாத சோதனை முதலிலும், பணமும் நாளும் கேட்பவை கடைசியிலும் வரும்.

தொடங்குமுன் செய்ய வேண்டியவை: கோப்பின் நகல் ஒன்றை வேறு பெயரில் சேமியுங்கள். லாக் கோப்பை (ஓட்டத்தின்போது மென்பொருள் எழுதிவைக்கும் பதிவை) அழிக்காதீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்று அமைப்புகளை ஒருசேர மாற்றியபின் கணக்கு ஓடிவிட்டால் எது பிழை என்று தெரியாது. அடுத்த கணக்கில் அதே பிழை மீண்டும் வரும்.

அறிகுறி 1: ரன் கொடுத்த உடனே பிழைச்செய்தி காட்டி நின்றுவிடுகிறது

லாக் கோப்பில் கடைசி வரியைப் பார்த்துப் பயனில்லை. முதலாவதாக வந்த பிழை வரியைத் தேடுங்கள். பின்னால் வரும் வரிகள் பெரும்பாலும் அதன் விளைவுகளே.

*கோப்பு, உரிமம் பற்றிய செய்தியாக இருந்தால்:* கோப்புறையின் பெயரில் இடைவெளியோ தமிழ் எழுத்தோ இருக்கிறதா என்று பாருங்கள். சில சால்வர்கள், அதாவது சமன்பாடுகளைத் தீர்க்கும் நிரல்கள், இரண்டையும் ஏற்பதில்லை. டிரைவின் கீழே நேரடியாக, சிறிய ஆங்கிலப் பெயருள்ள கோப்புறைக்கு எல்லாவற்றையும் மாற்றிவிட்டு ஓட்டுங்கள். உரிமச் செய்தி என்றால் கணினியின் தேதி சரியா, கல்லூரி சர்வரோடு இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். மென்பொருளோடு வரும் மாதிரிக் கோப்பும் ஓடவில்லை என்றால் தவறு உங்கள் கணக்கில் இல்லை, நிறுவலில் இருக்கிறது. அங்கேயே நிறுத்திவிட்டு, சர்வரைப் பராமரிப்பவரிடம் லாக் கோப்பைக் கொடுத்துவிடுங்கள்.

*அணி சிங்குலராக உள்ளது, ஜீரோ பிவட் என்ற வகைச் செய்தியாக இருந்தால்:* உங்கள் கணக்கில் எதையோ பிடித்து நிறுத்தவில்லை என்று பொருள். எதை என்பது இயற்பியலைப் பொறுத்தது.

கட்டமைப்புக் கணக்கில், பொருள் வெளியில் சுதந்திரமாக மிதக்கிறது. இதைக் கண்டுபிடிக்க நம்பகமான வழி, சுமைகளையெல்லாம் எடுத்துவிட்டு அதே மாதிரியில் இயல்பு அதிர்வெண் கணக்கை ஓட்டுவதாகும். முப்பரிமாணப் பொருள் ஒன்று எங்கும் பிடிக்கப்படாமல் இருந்தால், ஏறத்தாழப் பூஜ்யமான அதிர்வெண்கள் 6 வரும். 12 வந்தால் ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு பாகங்கள் மிதக்கின்றன. ஒன்றிரண்டே வந்தால், தாங்கிகள் இருந்தும் ஏதோ ஒரு திசையில் நழுவவோ சுழலவோ இடம் இருக்கிறது. அந்த அதிர்வு வடிவத்தை அசைவுப் படமாக ஓட்டிப் பாருங்கள். எந்தப் பாகம் எந்தத் திசையில் நழுவுகிறது என்பது கண்ணெதிரே தெரியும். வரைபடத்தில் ஒட்டியிருப்பதுபோலத் தெரியும் தூணுக்கும் உத்தரத்துக்கும் நடுவே 0.01 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலும், தொடர்பு வரையறுக்கப்படாதவரை சால்வருக்கு அவை இரண்டு தனிப் பொருள்களே.

மின்வேதியியல் கணக்கில், எல்லா எல்லைகளிலும் மின்னோட்டத்தை மட்டும் கொடுத்துவிட்டு எங்கும் மின்னழுத்தத்தைக் குறிப்பிடாமல் விட்டிருப்பீர்கள். ஒரு மின்முனையை 0 வோல்ட் என்று நிலைநிறுத்தினால் தீரும். நிலையான வெப்பக் கணக்கில் எல்லாப் பக்கமும் வெப்ப ஓட்டம் மட்டும் கொடுத்திருப்பதும், நான்கு புறமும் மூடிய பெட்டிக்குள் அமுக்கமுடியாப் பாய்மத்தை ஓட்டும்போது அழுத்தத்துக்கு ஓர் ஆதாரப் புள்ளி தராததும் இதே பிழையின் வேறு உருவங்கள்தாம்.

*இவை எதுவும் இல்லையென்றால்:* பொருட்பண்பு ஒன்று விடுபட்டிருக்கும். ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியே சொடுக்கி, அதற்குப் பொருள் ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெப்பத்தால் வரும் விரிவைக் கேட்டுவிட்டு விரிவுக் கெழுவைத் தராமல் விடுவது அடிக்கடி நடக்கிறது.

அறிகுறி 2: ஓடத் தொடங்குகிறது, ஆனால் கன்வெர்ஜ் ஆகவில்லை

கன்வெர்ஜ் ஆவது என்றால், சுற்றுக்குச் சுற்று விடை ஒரு நிலைக்கு வந்து நிற்பது. ஒவ்வொரு சுற்றிலும் சமன்பாடுகள் எவ்வளவு பொருந்தாமல் இருக்கின்றன என்பதைக் காட்டுவது மிச்சப்பிழை. அதன் வரைகோடு எந்த இடத்தில் கெடுகிறது என்பதைப் பொறுத்துக் காரணம் மாறும். எந்தக் கிளையானாலும், சகிப்பு அளவை (எவ்வளவு மிச்சப்பிழை இருக்கலாம் என்ற வரம்பை) தளர்த்திக் கணக்கை முடிக்கப் பார்க்காதீர்கள். அது பிழையை நீக்குவதில்லை. பிழையை அறிக்கைக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

*முதல் சில சுற்றுகளிலேயே வானத்துக்கு ஏறினால்:* முதலில் அலகுகளைச் சரிபாருங்கள் (அறிகுறி 3-இல் விரிவாக வரும்). அடுத்து, மென்பொருளின் மெஷ் (வடிவத்தைச் சிறு உறுப்புகளாகப் பிரித்த வலை) தர அறிக்கையைத் திறந்து, உள்புறம் வெளியே திரும்பிய, எதிர்மறைக் கனஅளவுள்ள உறுப்புகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்றே ஒன்று இருந்தாலும் கணக்கு உடையும்.

இரண்டும் சரியென்றால் தொடக்க மதிப்பைச் சந்தேகியுங்கள். மின்முலாம், அரிமானக் கணக்குகளில் இதுவே முதன்மைக் காரணம். காரைக்குடியில் 1953 முதல் இயங்கிவரும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், அதாவது நாம் சிக்ரி என்று அழைக்கும் நிறுவனம், இருப்பதாலோ என்னவோ, இப்பகுதி மாணவர்களிடம் இவ்வகைக் கணக்குகளை நிறையவே பார்க்கலாம். மின்முனையில் வினைவேகத்தைச் சொல்லும் பட்லர்–வோல்மர் சமன்பாட்டில் மின்னோட்டம் மிகையழுத்தத்தோடு (சமநிலை மின்னழுத்தத்திலிருந்து விலகும் அளவோடு) அடுக்குக்குறியாக ஏறுகிறது. 25 டிகிரி செல்சியஸில், பரிமாற்றக் கெழு 0.5 என்றால், தொடக்க மதிப்பு 1 வோல்ட் தள்ளியிருந்தாலே முதல் சுற்றில் மின்னோட்டம் பரிமாற்ற மின்னோட்டத்தை (சமநிலையில் இரு திசையிலும் சமமாக ஓடுவதை) போல் சுமார் 28 கோடி மடங்காகிவிடும். எந்தச் சால்வரும் அங்கிருந்து மீண்டு வராது. படிப்படியாகப் போங்கள்: முதலில் கரைசலின் மின்தடையை மட்டும் கொண்ட முதனிலைப் பரவலைத் தீருங்கள், அந்த விடையைத் தொடக்கமாக வைத்து, வினைவேகத்தை நேர்கோடாகக் கொண்டு ஒருமுறை தீருங்கள், அதன்பின்தான் முழுச் சமன்பாடு. இந்த மூன்று படிகளையும் முறையாக ஏறிய கணக்கு கன்வெர்ஜ் ஆகாமல் நின்றால், பெரும்பாலும் பரிமாற்ற மின்னோட்ட அடர்த்தியைச் சதுர சென்டிமீட்டருக்கு என்று எடுத்துச் சதுர மீட்டருக்கான பெட்டியில் இட்டிருப்பார்கள்.

*பாதிவரை நன்றாகப் போய்க் கெட்டால்:* சுமை முழுவதையும் ஒரே படியில் ஏற்றாமல் பத்து அல்லது இருபது படிகளாகப் பிரியுங்கள். தொடர்புப் பரப்புகள் இருந்தால், அவற்றைத் தற்காலிகமாக ஒட்டியவை என்று மாற்றி ஓட்டுங்கள். ஓடினால் சிக்கல் தொடர்பில்தான். படிகளைப் பிரித்தும் ஒரே சுமை அளவில் ஒவ்வொரு முறையும் நின்றால், மென்பொருள் உங்களிடம் ஓர் உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கலாம்: அந்தச் சுமையில் அமைப்பே நெளிந்து சரிகிறது. விசைக்குப் பதிலாக இடப்பெயர்ச்சியைக் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். விசை ஓர் உச்சியைத் தொட்டு இறங்கினால் அது நெளிவுதான். அதற்கு மேல் தொடர, அத்துறையில் பழகிய பேராசிரியரோ பொறியாளரோ உடன் இருக்க வேண்டும்.

*ஏறாமலும் இறங்காமலும் ஒரே தாளத்தில் ஊசலாடினால்:* இது பாய்மக் கணக்குகளில் வருவது. அரிசி ஆலைக் குழாயில் ஒரு குறுக்குக் கம்பியின் பின்னால் சுழல்கள் மாறி மாறிப் பிரிகின்றன என்றால், அந்த ஓட்டத்துக்கு நிலையான விடை என்று ஒன்றில்லை. நேரத்தோடு மாறும் கணக்காக மாற்றுங்கள். கூரன்ட் எண்ணை (ஒரு நேரப்படியில் பாய்மம் எத்தனை மெஷ் அறைகளைக் கடக்கிறது என்பதை) 1-க்கு மேல் போகாமல் வைத்துத் தொடங்குவது பாதுகாப்பானது. காற்று விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் 5 மில்லிமீட்டர் அறைகளைக் கடக்கிறதென்றால் நேரப்படி 0.001 விநாடிக்கு மேல் போகக்கூடாது.

அறிகுறி 3: கணக்கு முடிந்துவிட்டது, விடை நம்பும்படி இல்லை

ஆபத்து மிகுந்த அறிகுறி இதுவே. ஏனென்றால் பிழைச்செய்தி எதுவும் வராது. வண்ணப்படம் அழகாக இருக்கும்.

*“சார், உத்தரம் வில்லு மாதிரி வளையுது” என்றால்:* முதலில் உருமாற்றக் காட்சியின் அளவுகோலைப் பாருங்கள். பல மென்பொருள்கள் கண்ணுக்குத் தெரிவதற்காக உருமாற்றத்தைத் தாமாகவே பல மடங்கு பெருக்கிக் காட்டுகின்றன. அதை 1 என்று வைத்துவிட்டு, படத்தை விட்டு எண்ணைப் படியுங்கள்.

*எண்ணே ஆயிரம் மடங்கு, பத்து லட்சம் மடங்கு விலகியிருந்தால்:* அலகுதான். எஃகின் அடர்த்தி கனமீட்டருக்கு 7850 கிலோகிராம். ஆனால் மில்லிமீட்டர், டன், விநாடி என்ற அலகு முறையில் அது 7.85×10⁻⁹. மீள்மைக் குணகம் 200 கிகாபாஸ்கல். அதே முறையில் அது 2,00,000. வரைபடத்தை மில்லிமீட்டரில் வரைந்துவிட்டுப் பொருட்பண்புகளை மீட்டர் கணக்கில் இட்டால் எச்சரிக்கை எதுவும் வராது, ஏனென்றால் பல சால்வர்களுக்கு அலகு என்பதே தெரியாது.

இதைப் பிடிக்கக் கைக்கணக்கு வேண்டும். ஒரு தேக்கு உத்தரத்தை எடுத்துக்கொள்வோம். இரு முனையிலும் சுவரில் அமர்ந்திருக்கிறது. தாங்கிகளுக்கு இடையே 3 மீட்டர், அகலம் 100 மில்லிமீட்டர், ஆழம் 200 மில்லிமீட்டர், மீட்டருக்கு 2 கிலோநியூட்டன் சீரான சுமை, இழையின் திசையில் மீள்மைக் குணகம் 10 கிகாபாஸ்கல் என்று கொள்வோம். நடுவில் தொய்வு 5wL⁴/384EI என்ற பாடநூல் வாய்ப்பாட்டின்படி சுமார் 3.2 மில்லிமீட்டர், வளைவுத் தகைவு சுமார் 3.4 மெகாபாஸ்கல். மென்பொருள் 3.1 அல்லது 3.3 மில்லிமீட்டர் சொன்னால் மேலே போகலாம். 0.0032 அல்லது 3200 என்று சொன்னால் அலகைத் திருத்துமுன் வேறெதையும் தொடாதீர்கள். உங்கள் கணக்கு எவ்வளவு சிக்கலானதாக இருந்தாலும், கையால் போடக்கூடிய அளவுக்குச் சுருக்கிய ஒரு வடிவத்தை அதே கோப்பு அமைப்பில் முதலில் ஓட்டிவிடுவது என் உறுதியான பரிந்துரை. அதற்குச் செலவாவது அரைமணி நேரம்தான்.

தேக்கில் இன்னொரு கவனமும் தேவை. அது எல்லாத் திசையிலும் ஒரே பண்புள்ள பொருளன்று. இழைக்குக் குறுக்கே அதன் விறைப்பு நெடுக்குவாட்டில் இருப்பதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கோ அதற்கும் கீழோ இறங்கிவிடும். எஃகுக்கான பெட்டியில் மரத்தின் எண்ணை இட்டால், மூட்டுகளில் வரும் விடை தவறாகவே இருக்கும்.

*வெப்பக் கதிர்வீச்சு ஏதும் செய்யாததுபோல் தெரிந்தால்:* வெப்பநிலையைக் கெல்வினில் கொடுத்தீர்களா? 60 டிகிரி செல்சியஸில் காயும் ஓட்டுப் பரப்பு, 30 டிகிரியில் உள்ள சூழலுக்கு, உமிழ்திறன் 0.9 என்றால், சதுர மீட்டருக்குச் சுமார் 198 வாட் கதிர்வீசுகிறது. 60, 30 என்ற எண்களை அப்படியே நான்காம் அடுக்குக்கு ஏற்றினால் 0.6 வாட்தான் வரும்.

*சுவரின் வெப்பநிலை நம்ப முடியாதபடி இருந்தால்:* செட்டிநாட்டு வீட்டுக் கணக்குகளில் இது தனியாக நின்று பார்க்க வேண்டிய இடம். வளவை (வீட்டின் உள்முற்றப் பகுதியை) சுற்றியுள்ள 45 சென்டிமீட்டர் செங்கல் சுவரை, தொடக்கத்தில் முழுவதும் 30 டிகிரி என்று வைத்து, 24 மணி நேரம் மட்டும் ஓட்டிவிட்டு, “உட்சுவர் அசையவே இல்லை, இவ்வளவு குளிர்ச்சியா” என்று வியப்பவர்கள் உண்டு. அந்த விடையில் பாதி, நீங்கள் கொடுத்த 30 டிகிரியே திரும்பி வருவது. செங்கலின் வெப்ப விரவல் திறன் (வெப்பநிலை மாற்றம் அதனுள் பரவும் வேகத்தின் அளவு) விநாடிக்குச் சுமார் 5×10⁻⁷ சதுர மீட்டர். இவ்வளவு தடித்த சுவரில் தொடக்க வெப்பநிலையின் சாயல் நீங்கப் பல நாட்கள் ஆகும். ஒரே நாளின் வெயிலைத் திரும்பத் திரும்பக் கொடுத்து, அடுத்தடுத்த இரண்டு நாட்களின் வரைகோடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும்வரை ஓட்டுங்கள். படிந்த பிறகுள்ள நாளை மட்டும் அறிக்கையில் சேருங்கள்.

அப்போதும் சரிபார்க்க ஒரு கைக்கணக்கு இருக்கிறது. பகல்–இரவு வெப்ப அலை இவ்வகைச் செங்கலில் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் போவதற்குள், மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே மட்டும் எஞ்சும்படி தேய்ந்துவிடுகிறது. 45 சென்டிமீட்டரைக் கடக்கும்போது வெளிப்பரப்பின் ஏற்ற இறக்கத்தில் 2 விழுக்காடு அளவே எஞ்சும், அதுவும் 14, 15 மணி நேரம் தாமதித்து. உங்கள் விடை இந்த அளவை ஒட்டி வராமல், உள்சுவர் பிற்பகலிலேயே பல டிகிரி ஏறுகிறதென்றால், பெரும்பாலும் தடிமனிலோ தன்வெப்பத்திலோ எண் பிசகியிருக்கிறது, அல்லது வெப்பம் சுவர் வழியாக வராமல் திறந்த முற்றத்தின் காற்று வழியாக வருகிறது.

*மின்முலாமில் படிவின் தடிமன் சந்தேகமாக இருந்தால்:* ஃபாரடே விதியைக் கொண்டு மொத்த எடையைச் சரிபாருங்கள். தாமிர சல்பேட் கரைசலில் 1 ஆம்பியர்-மணிக்கு, திறன் முழுமையாக இருந்தால், 1.19 கிராம் தாமிரம் படியும். பரப்பெங்கும் கூட்டிய படிவு இதைத் தாண்டினால் கணக்கு தவறு.

எந்தக் கணக்குக்கும் பொருந்தும் கடைசிச் சோதனை, வரவும் செலவும் பொருந்துகின்றனவா என்பது. தாங்கிகளின் எதிர்விசைகளைக் கூட்டினால் கொடுத்த சுமை வர வேண்டும். நிலையான கணக்கில் உள்ளே வந்த வெப்பமும் வெளியேறிய வெப்பமும் ஒன்றாக வேண்டும். நுழைந்த காற்றின் நிறையும் அப்படியே. பொருந்தவில்லை என்றால் வண்ணப்படத்தை யாருக்கும் காட்ட வேண்டாம்.

அறிகுறி 4: மெஷ்ஷை மாற்றினால் விடையும் மாறுகிறது

கரடு, நடுத்தரம், நுண்மை என மூன்று மெஷ்களில் ஓட்டி, உங்களுக்கு வேண்டிய ஒரே எண்ணை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மாற்றம் ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே வந்தால் இன்னும் ஒரு படி நுண்மையாக்கினால் போதும். மாற்றம் கூடிக்கொண்டே போனால், அந்த எண் ஓர் உள்மூலையிலோ புள்ளிச் சுமையின் கீழோ எடுக்கப்பட்டிருக்கும். கூரிய உள்மூலையில் மீள்மைக் கோட்பாட்டின்படி தகைவுக்கு எல்லையே இல்லை. மெஷ்ஷை எவ்வளவு நுண்மையாக்கினாலும் அது ஏறிக்கொண்டேதான் இருக்கும். உண்மையான பொருளில் உள்ள வளைவு ஆரத்தை வரையுங்கள். அல்லது மூலையிலிருந்து தள்ளி எண்ணை எடுங்கள். மின்முனையின் ஓரங்களில் முதனிலைப் பரவல் காட்டும் மின்னோட்ட அடர்த்திக்கும் இது பொருந்தும்.

இந்தச் சோதனையைத் தவிர்ப்பவர்களுக்கு நான் சொல்வது ஸ்லைப்னர் ஏ மேடையின் கதை. நார்வேயின் அந்தக் கடல்மேடைக்கான கான்கிரீட் அடித்தளம் 1991 ஆகஸ்ட் 23 அன்று சோதனையின்போது மூழ்கியது. உருளை அறைகள் சந்திக்கும் மூலைகளில் மெஷ் போதாததால் வெட்டுத்தகைவு 47 விழுக்காடு குறைவாகக் கணக்கிடப்பட்டு, சுவர்கள் மெலிதாக அமைந்துவிட்டன. விபத்துக்குப் பின் கவனமாகச் செய்த கணக்கு 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்றது. உண்மையில் உடைந்தது 65 மீட்டரில். மென்பொருள் சரியாகச் சொல்லக்கூடியதாகவே இருந்தது.

அறிகுறி 5: முடிவதே இல்லை, அல்லது நினைவகம் போதவில்லை என்கிறது

புதுக் கணினி வாங்குமுன்: சமச்சீர் இருந்தால் பாதியோ கால்பங்கோ மட்டும் வரையுங்கள். நீளமான சுவர், குழாய்களை முடிந்தால் இருபரிமாணத்தில் தீருங்கள். முப்பரிமாணத்தில் உறுப்பின் அளவைப் பாதியாக்கினால் எண்ணிக்கை 8 மடங்காகிறது. ஆகவே எல்லா இடத்திலும் நுண்மை வேண்டாம், வேண்டிய இடத்தில் மட்டும் வையுங்கள். நினைவகம் நிரம்பி வன்தட்டைப் பயன்படுத்தத் தொடங்கினால் கணக்கு ஊர்ந்துதான் போகும். அப்போது நேரடிச் சால்வரை விட்டு, விடையைச் சுற்றுச் சுற்றாக நெருங்குவதால் குறைந்த நினைவகம் கேட்கும் மீள்செய் சால்வருக்கு மாறுங்கள். இவற்றுக்குப் பிறகும் போதாவிட்டால்தான் நினைவகம் கூட்டுவது, வாடகைக் கணினி என்ற செலவுகள்.

நடுவில் மின்சாரம் போய் இரவு முழுவதும் ஓடிய கணக்கு வீணாவது நம் பக்கத்தில் வழக்கமான இழப்பு. யுபிஎஸ் சில நிமிடங்களே தாங்கும். இடைச்சேமிப்பை மணிக்கொருமுறை என்று வைத்துவிடுங்கள். விண்டோஸ் தானாக மறுதொடக்கம் செய்வதையும் நிறுத்தி வையுங்கள்.

அறிகுறி 6: எல்லாச் சோதனைகளும் சரி, ஆனால் நேரில் அளந்ததோடு ஒத்துவரவில்லை

அளவீட்டை முதலில் பாருங்கள். முற்றத்தில் வெப்பமானியில் வெயில் நேராக விழுந்திருந்தால் அது காட்டுவது காற்றின் வெப்பநிலையன்று. பிறகு, உங்களுக்கு உறுதியில்லாத உள்ளீடுகளை ஒவ்வொன்றாக 20 விழுக்காடு ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். இயற்கை வெப்பச்சலனத்தில் காற்றுக்கான வெப்பப் பரிமாற்றக் கெழு சதுர மீட்டருக்கு, கெல்வினுக்கு, 5 முதல் 25 வாட் வரை எங்கும் இருக்கலாம். பெரும்பாலும் வேறுபாட்டின் வேர் அங்கேதான் இருக்கிறது. எந்த உள்ளீடு விடையை மிகுதியாக அசைக்கிறதோ, அதை மட்டும் ஆய்வகத்தில் அளக்கச் செய்யுங்கள். எல்லாவற்றையும் அளக்கக் கொடுப்பது வீண் செலவு.

பழைய வீட்டின் தூணை எடுப்பது, சுவரை உடைத்து அறையைப் பெரிதாக்குவது, மாடியில் தண்ணீர்த் தொட்டி வைப்பது போன்றவற்றுக்கு உங்கள் சிமுலேஷன் எவ்வளவு பொருந்தினாலும் அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். உத்தரத்தின் முனை சுவருக்குள் கறையானால் அரிக்கப்பட்டிருப்பதும், மழைநீர் இறங்கிய இடத்தில் சுண்ணாம்புக் காரை உதிர்ந்திருப்பதும் கோப்பில் இல்லை. உரிமம் பெற்ற கட்டமைப்புப் பொறியாளரை வரவழைத்து நேரில் பார்க்கச் செய்யுங்கள். அவரிடம் தரவேண்டியவை: அளவுகள் குறித்த வரைபடம், நீங்கள் இட்ட பொருட்பண்புகளும் அவற்றை எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதும், மூன்று மெஷ்களின் விடைகள், எதிர்விசைகளின் கூட்டுத்தொகை, கைக்கணக்கு. வண்ணப்படத்தை அவர் கேட்டால் மட்டும் கொடுங்கள்.